புகாரே இல்லைன்னா குற்றமே இல்லையா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் (அதாங்க, என்.சி.ஆர்.பி.) ஒவ்வொரு தடவை அறிக்கை விடும்போதும் நம்ம மக்கள்ஸ் ஆளுக்கொரு பட்டியலைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க. "பாத்தீங்களா, டெல்லிக்கு சென்னை எவ்வளவோ தேவலை"ன்னு ஒரு கோஷ்டி. "பாத்தீங்களா, போன ஆட்சியை விட இப்போ எவ்வளவு கூடிப்போச்சு"ன்னு இன்னொரு கோஷ்டி. ஆட்சி மாறினா ரெண்டு கோஷ்டியும் வசனத்தை மாத்திக்கும், அவ்வளவுதான். இதுக்கு நடுவுல ஒருத்தர், "ஸ்வீடன்ல ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பாலியல் பலாத்காரம்னு தெரியுமா? நாம எவ்வளவோ மேல்"னு நேரா உலக அரங்குக்கே போயிடுவார்.

இவங்க எல்லாருக்கும் என்னோட கேள்வி ஒண்ணுதான். அந்த எண் எங்கேருந்து வருது?

போலீஸ் பதிவேட்டிலிருந்து. அதாவது, எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் அது கணக்கு. போடலைன்னா அந்தக் குற்றம் நடக்கவே இல்லை!

நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு இது சுலபமா புரியும். ஒரு மென்பொருள்ல ஒரு பக் கூட பதிவாகலைன்னு வைங்க. அது அற்புதமான மென்பொருளா இருக்கலாம். இல்லை, யாரும் டெஸ்ட் பண்ணலைன்னும் இருக்கலாம். பக் போட்டா டெவலப்பர் முறைப்பார்னு டெஸ்டர் பயந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. வெறும் எண்ணிக்கையை வச்சு இதுல எதுன்னு சொல்லவே முடியாது. ஆனா ஊரைப் பத்தி மட்டும் கூசாம சொல்லிடறோம்.

எங்க நங்கநல்லூர்ல சாயங்காலம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போற மாமிகளைப் பாருங்க. முந்தானையைக் கழுத்தைச் சுத்திப் போத்திக்கிட்டுத்தான் போவாங்க. பைக்ல வர்றவன் செயினை அறுத்துடுவானோன்னு பயம். அந்த பயம் எந்த அறிக்கையில இருக்கு? அது கூட வேணாம், அறுத்துட்டே போனாலும் அது எந்தக் கட்டத்துல விழும்? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல செயின் பறிப்புன்னு தனிக் குற்றமே கிடையாது. எழுதற அதிகாரியைப் பொறுத்து திருட்டா, வழிப்பறியான்னு மாறும். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுலதான் 304-வது பிரிவா 'பறிப்பு' தனியா வந்திருக்கு. அப்போ, ரெண்டு ஊர் திருட்டுக் கணக்கை, வழிப்பறிக் கணக்கை இத்தனை வருஷமா ஒப்பிட்டுக்கிட்டு இருந்தோமே, எதை எதோட ஒப்பிட்டோம்?

அடுத்து நம்ம ஊர் ஸ்பெஷல், சி.எஸ்.ஆர். ரசீது. புகார் குடுத்தா பல நேரம் கையில கிடைக்கறது இதுதான். ரசீதுதானே குடுத்துட்டாங்கன்னு நாமளும் சந்தோஷமா வந்துடுவோம், ஆனா அது எஃப்.ஐ.ஆர். இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட வேற ஒரு ஏரியாவுல ரெண்டு பசங்க பைக்ல வந்து போனைப் பிடுங்கிட்டாங்க. ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க சார், புது சிம் வாங்க அது போதும்." அவரும் எழுதிக் குடுத்துட்டார். ஒரு வழிப்பறி ஒரே வரியில ஞாபக மறதி ஆயிடுச்சு. புகார்ல கைது செய்யக்கூடிய குற்றம் இருந்தா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013 நவம்பர்ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிடுச்சு. சொல்லி என்ன!

இதுல போலீஸை மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லை. ஒழுங்கா எல்லாப் புகாரையும் பதிவு பண்ற இன்ஸ்பெக்டருக்கு நாம என்ன பரிசு குடுக்கறோம்? "உன் ஏரியாவுலதான் குற்றம் ஜாஸ்தி." பதிவு பண்ணாம அனுப்பறவர் ஏரியா அமைதிப் பூங்கா! மாநில அளவுலயும் இதே கதைதான். ஒரு லட்சம் பேருக்கு இவ்வளவுன்னு பாத்தா கேரளா எப்பவும் பீகாரை விட ரொம்ப மேலே இருக்கும். கேரளாவுல நடமாட பயந்துக்கிட்டு யாராவது பீகாருக்குக் குடி போனாங்களா? 2020-ல் அரசு உத்தரவை மீறியதா 188-வது பிரிவுல பதிவான வழக்குகள் 29,469-லிருந்து 6,12,179 ஆச்சு. ஒரே வருஷத்துல ஜனங்க அவ்வளவு கெட்டுப்போயிட்டாங்களா? ஊரடங்குங்க! என்.சி.ஆர்.பி.யே தன் அறிக்கையில, குற்றம் கூடுறதும் பதிவு கூடுறதும் வேற வேறன்னு எச்சரிக்கை போட்டிருக்கு. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் படிக்கறதில்லை.

ஸ்வீடன்காரருக்கும் பதில் சொல்லிடறேன். அங்கே ஒரு பெண் ஒரே ஆள் மேல இருபது சம்பவம் சொன்னா இருபதும் தனித்தனிக் கணக்கு. இங்கே ஒரு எஃப்.ஐ.ஆர்.ல எத்தனை குற்றம் இருந்தாலும் என்.சி.ஆர்.பி. எடுத்துக்கறது அதுல பெரிய குற்றம் ஒண்ணை மட்டும்தான். அங்கே 2018-லிருந்து சம்மதம் இல்லைன்னாலே குற்றம். இங்கே கட்டின புருஷன் செஞ்சா, மனைவிக்கு 18 வயசு ஆயிருந்தா, சட்டப்படி அது பலாத்காரமே இல்லை. சட்டத்துலயே இல்லாத குற்றம் பட்டியல்ல எப்படி வரும்?

அப்போ என்னதான் வழி? ரொம்ப சிம்பிள். போலீஸைக் கேக்காதீங்க, ஜனங்களைக் கேளுங்க. வீடு வீடாப் போய், "கடந்த ஒரு வருஷத்துல உங்க வீட்டுல திருட்டு நடந்துச்சா? யாராவது அடிச்சாங்களா? போலீஸுக்குப் போனீங்களா? போகலைன்னா ஏன்?" அமெரிக்கா இதை 1970களிலிருந்து செய்யுது. இங்கிலாந்து 1980களிலிருந்து. இங்கிலாந்துலயே 2014-ல் போலீஸ் ஆய்வுத்துறை சோதிச்சப்போ, புகார் வந்த குற்றங்கள்ல 19 சதவீதம் பதிவாகவே இல்லைன்னு தெரிஞ்சது. அதே வருஷம் போலீஸ் கணக்குக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்'ங்கற அந்தஸ்தையே புடுங்கிட்டாங்க. சர்வே கணக்குக்கு அந்த அந்தஸ்து அப்படியே இருந்துச்சு. மெக்சிகோவுல அரசுப் புள்ளியியல் நிறுவனமே 2011-லிருந்து வருஷா வருஷம் கேக்குது. அங்கே நடக்கற குற்றங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல விசாரணைக்கே போகலைன்னு அரசாங்கமே வெளியில சொல்லுது. அந்த தைரியம் நமக்கு இருக்கா?

1990களில் பல நாடுகளில் ஒரே கேள்வித்தாளை வச்சு சர்வதேச குற்றப் பாதிப்பு சர்வே நடந்தப்போ இந்தியா சார்பா இருந்தது பம்பாய் மட்டும்தான். அப்புறம் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிட்யூட்ங்கற தனியார் ஆய்வு அமைப்பு டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னைன்னு நாலு ஊர்ல சுமார் 20,000 குடும்பங்களைக் கேட்டு 2017-ல் அறிக்கை விட்டாங்க. திருட்டு குடுத்தவங்கள்ல எஃப்.ஐ.ஆர். வரைக்கும் போனது 10 சதவீதத்தைக்கூடத் தொடலை. அந்த நாலுல நம்ம சென்னையும் ஒண்ணு. எத்தனை பேர் அதைப் பத்திப் பேசினோம்?

"சர்வேன்னா சும்மா ஆளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க"ன்னு ஒருத்தர் வருவார். நியாயமான சந்தேகம். திருட்டு நடந்தது போன பொங்கலுக்கா, அதுக்கு முந்தின பொங்கலுக்கான்னு குழம்பும். அதனாலதான் அமெரிக்கால ஒரே வீட்டுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய் கடந்த ஆறு மாசத்தை மட்டும் கேக்கறாங்க. மாமியார் பக்கத்துல இருந்தா மருமக உண்மையைச் சொல்ல மாட்டா. அதனாலதான் நம்ம தேசிய குடும்ப நல சர்வேயில குடும்ப வன்முறைக் கேள்விகளை வீட்டுக்கு ஒரு பெண்ணைத்தான், அதுவும் தனியாத்தான் கேக்கணும்னு விதி. அந்த சர்வேயின் 2019-21 சுற்றுல, வன்முறைக்கு ஆளான பெண்கள்ல யார்கிட்டயாவது உதவி கேட்டவங்க 14 சதவீதம்தான். ஸ்டேஷன் இல்லைங்க, அம்மா அப்பாகிட்ட சொன்னவங்களையும் சேர்த்து! மீதிப் பேர் எந்த பதிவேட்டுலயும் இல்லை. அவங்க இல்லாத பட்டியலை வச்சுத்தான் 'பாதுகாப்பான நகரம்'னு பட்டம் கட்டறோம்.

செத்தவங்களை சர்வே பண்ண முடியாது, ஒத்துக்கறேன். கொலைக் கணக்குக்கு போலீஸ் பதிவுதான் கதி. நாட்டுக்கு நாடு ஒப்பிட ஓரளவு உருப்படியான எண்ணும் அதுதான், ஏன்னா பிணத்தை மறைக்கறது கஷ்டம். மத்ததுக்கெல்லாம் கேட்டாகணும்.

அப்புறம், எல்லா சர்வேயும் சர்வே இல்லை. வாட்ஸப்ல சுத்துதே நம்பியோ பட்டியல், அது இணையத்துல போறவர் வர்றவர் தட்டிவிட்ட அபிப்பிராயம். செயின் அறுபட்ட பாட்டி அங்கே போய் கிளிக் பண்ணியிருப்பாங்களா?

நாம ஒண்ணும் வக்கில்லாத நாடு இல்லை. 1950-லிருந்து தேசிய மாதிரி ஆய்வு நடக்குது. அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, வேலை இருக்கா இல்லையான்னு லட்சக்கணக்கான வீட்டுல கேக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, "போன வருஷம் உங்களை யாராவது அடிச்சாங்களா"ன்னு கேக்கத் தெரியாதா? தெரியும். பதில் என்ன வரும்னும் தெரியும், அதான் கேக்கறதில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே நிலைமைதான்.

அதனால மக்களே, அடுத்த என்.சி.ஆர்.பி. அறிக்கை வந்து பட்டியலோட கிளம்பறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுல இருக்கற பெண்கள்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பஸ்ல, தெருவுல நடந்ததுல எத்தனையை ஸ்டேஷன்ல போய் சொன்னீங்க? வர்ற பதிலைப் பின்னூட்டத்துல போடுங்க. பட்டியலை அப்புறம் பாத்துக்கலாம்.

டிஸ்கி: இது சென்னைக்கு எதிரான பதிவு இல்லை. சென்னை நிஜமாவே பாதுகாப்பான ஊரா இருக்கலாம். கேட்டாத்தானே தெரியும்!