கம்ப்யூட்டரில் ஏற்றும் முன் களை எடுங்கள்

வேலை குறையும் என்று நினைத்துத்தான் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். ஆனால் பலருக்கு வாங்கிய பிறகு வேலை கூடிவிடுகிறது. ஏன் தெரியுமா?

என் நண்பர் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு முன் கணக்கு எழுதும் பெண் மாலை 6 மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கம்ப்யூட்டர் வந்தபின் 8 மணி ஆனது. "டைப்பிங் வேகம் போதவில்லை, வேறு ஆள் பார்க்க வேண்டும்" என்றார் நண்பர்.

ஒரு மாலை அங்கே உட்கார்ந்து பார்த்தேன். கையால் எழுதிய பில்லை நோட்டில் ஏற்றுகிறார். நோட்டைப் பார்த்து எக்ஸெல்லில் டைப் செய்கிறார். அதை பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வைக்கிறார். மாத முடிவில் ஆடிட்டர் அலுவலகத்தில் அதே எண்களை மீண்டும் டைப் செய்கிறார்கள். ஒரே விற்பனை 4 முறை எழுதப்படுகிறது! தவறு அந்தப் பெண்ணிடம் இல்லை. வேலை செய்யும் முறையில் இருக்கிறது.

இதற்கான பாடம் ஒரு கார் கம்பெனியிடம் இருக்கிறது. 1950ல் ஜப்பானின் டொயோட்டா பெரும் பண நெருக்கடியில் இருந்தது. பாகங்களை வாங்கிக் குவித்து வைக்க வசதி இல்லை. அதன் என்ஜினியர் டாய்ச்சி ஓனோ, வேலையின் ஒவ்வொரு படியையும் கவனித்து வீணை 7 வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் தயாரித்தல், காத்திருத்தல், பொருளை இங்கும் அங்கும் மாற்றுதல், தேவையற்ற செய்முறை, இருப்புத் தேக்கம், ஆட்களின் அலைச்சல், குறையுள்ள பொருள் என்பவை அவை. தேவைக்கு மேல் தயாரிப்பதுதான் மிக மோசம் என்றார். அது மற்ற வீண்களை மறைத்துவிடும். இந்த முறைக்கு 1988ல் ஜான் கிராஃப்சிக் என்பவர் 'லீன்' என்று பெயர் சூட்டினார். கொழுப்பு நீங்கிய, மெலிந்த உடல் என்று பொருள் கொள்ளலாம்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இவை உண்டு. யாரும் படிக்காத ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுப்பது தேவைக்கு மேல் தயாரித்தல். ஒரே எண்ணை மறுபடி டைப் செய்வது தேவையற்ற செய்முறை. 'பைனல்', 'பைனல் 2' என்று குவியும் காப்பிகள் இருப்புத் தேக்கம். ஒரு பைலைத் தேடி போல்டர் போல்டராகத் திரிவது அலைச்சல்.

என் கருத்து இதுதான். வீண் வேலையை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் வீண் ஒழியாது; வேகமாக நடக்கும், அவ்வளவுதான். எனவே புது சாப்ட்வேருக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுங்கள். வேலையின் படிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது யாருக்குப் பயன்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத படியை அடித்துவிடுங்கள். பேக் அப் காப்பியை மட்டும் வீண் என்று அழித்துவிடாதீர்கள், அது பாதுகாப்பு.

நண்பர் கடையில் இப்போது பில்லே கம்ப்யூட்டரில்தான் போடப்படுகிறது. நோட்டு இல்லை, தினசரி பிரிண்ட் இல்லை. மாத முடிவில் அதே பைல் இமெயிலில் ஆடிட்டருக்குப் போகிறது. அந்தப் பெண்ணும் 6 மணிக்கு வீட்டுக்குப் போகிறார். வேறு ஆள் தேடும் பேச்சை நண்பர் எடுப்பதே இல்லை.