அரிசிக்கு உண்டு, விளக்குக்கு இல்லையா?



எனக்கே தலைகுனிவைத் தந்த ஒரு நிகழ்வை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் என் வகுப்பின் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்று நாள்கள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தான். மூன்றாம் நாள் அவனை எழுப்பி நிறுத்திக் கடிந்துகொண்டேன். அவன் வாய் திறக்கவில்லை. ஓய்வு நேரத்தில் அவனுடைய தோழன் என் மேசையருகே வந்து, "டீச்சர், அவன் வீட்டுல மூனு நாளா கரண்டு இல்ல" என்று மெதுவாகச் சொன்னான்.

பிழையைக் கண்டால், பிள்ளையைத் திருத்துவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அன்று அந்தப் பாடத்தில் நான் தோற்றேன். அந்தத் தோல்விதான் இதை எழுத வைக்கிறது.

கையில் இருநூறு, கட்ட வழியில்லை

மறுநாள் அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். பிறை தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி செய்பவர். செபராங் ஜெயாவில் மலிவுவிலை அடுக்குமாடி வீடு. மின் கட்டண நிலுவை 186 ரிங்கிட் 40 சென். நான் உதவ முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார்.

"வேணாங்க டீச்சர். எங்கிட்ட காசு இருக்கு. ஐசியில இருநூறு வெள்ளி இருக்கு. அத இண்டர்நெட்டுல எப்படிக் கட்டறதுன்னுதான் தெரியல. அத மட்டும் கட்டிக் கொடுங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். சாரா என்னும் உதவித் திட்டத்தின்கீழ், 2025 ஏப்ரல் முதல் எஸ்.டி.ஆர். பெறும் குடும்பங்களுக்கு மாதம் 100 ரிங்கிட் அடையாள அட்டை வழியாக வழங்கப்பட்டது. அத்திட்டம் சென்றடைந்தோர் ஏறக்குறைய 54 இலட்சம் பேர். அதே ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பிரதமர் அன்வார் இப்ராஹிம் 18 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாக் குடிமக்களுக்கும் ஒருமுறை உதவியாக 100 ரிங்கிட் அறிவித்தார். ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் பேருக்கு அது ஆகஸ்டு 31 முதல் கிடைத்தது. அந்தத் தாயாரிடம் இருந்தது ஒரு மாதத்து நூறும் இந்த நூறும் சேர்ந்த இருநூறு. உறவினர் ஒருவர் அரிசி வாங்கித் தந்திருந்ததால் அவர் அதைத் தொடாமல் வைத்திருந்தார்.

நானும் அறியாமையால் முயன்று பார்த்தேன். கட்டணச் செயலி ஒன்றைத் திறந்தேன். அது வங்கிக் கணக்கைக் கேட்டது. இல்லையேல் 16 இலக்கங்கள் கொண்ட வங்கி அட்டை எண்ணைக் கேட்டது. அம்மையாரிடம் இருந்ததோ 12 இலக்கங்கள் கொண்ட அடையாள அட்டை எண். அரை மணி நேரம் முயன்றும் பயனில்லை. பிறகுதான் எனக்குப் புரிந்தது: அது கோளாறன்று, திட்டத்தின் அமைப்பே அதுதான்.

அட்டையில் இருப்பது பணமா?

பெற்றோர் பலர் இதை அறியாதிருப்பதால் சற்று விளக்குகிறேன். 2001இல் அறிமுகமான நமது அடையாள அட்டையில் ஒரு சில்லு உண்டு. கடைக்காரர் அட்டையைச் செருகும்போது, அச்சில்லு நாம் யார் என்பதைச் சொல்கிறது. நமக்கு ஒதுக்கப்பட்ட தொகை அட்டைக்குள் இல்லை. திட்டத்தின் கணினியில், நம் அடையாள அட்டை எண்ணுக்கு நேரே பதிவாகியுள்ளது. நாம் வாங்கும் பொருளின் பார்கோடு அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருந்தால் அத்தொகையிலிருந்து கழியும், இல்லையென்றால் கழியாது. அரிசி, முட்டை, ரொட்டி, சமையல் எண்ணெய், மருந்து, பள்ளிப் பொருள்கள் அப்பட்டியலில் உண்டு. மின் கட்டணம் இல்லை.

இணையவழிக் கட்டணமோ வேறொரு வழி. 2015இல் தொடங்கப்பட்ட ஜோம்பே முறையில், மின் கட்டணத் தாளில் காணப்படும் நிறுவனக் குறியீட்டு எண்ணையும் நம் கணக்கு எண்ணையும் இட்டால், நம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் நேராகச் செல்லும். அதற்கு வங்கியில் பணம் இருக்க வேண்டும். சாராத் தொகை வங்கிக்குள் வருவதே இல்லை. இரண்டு குழாய்கள் அருகருகே ஓடுகின்றன. நடுவே இணைப்பு இல்லை.

ஆகஸ்டு 31 அன்று இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்தியதால் அம்முறை திணறியது. மக்கள் வரிசையில் காத்து நின்றனர். அது தீரக்கூடிய கோளாறு. நான் பேசுவது யாரும் கோளாறென்றே எண்ணாத ஒன்றைப் பற்றி.

ஏழ்மைக்கு விதித்த வரி

அந்தத் தாயார் என்ன செய்தார் தெரியுமா? அண்டை வீட்டாரின் மளிகைப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். 200 ரிங்கிட்டுக்கு அவர்களுக்கு வேண்டிய எண்ணெயும் மாவும் பிஸ்கட்டும் தம் அட்டையில் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் 170 ரிங்கிட் ரொக்கமாகத் தந்தார்கள். கையிலிருந்த 16 ரிங்கிட் 40 சென்னைச் சேர்த்துக் கட்டணத்தைக் கட்டினார். வீட்டில் விளக்கெரிந்தது.

காணாமற்போன அந்த 30 ரிங்கிட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2025இல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதத்திற்கு 26 வேலை நாள் என்றால், 30 ரிங்கிட் என்பது ஏறத்தாழ அரை நாள் உழைப்பு. வங்கியில் பணம் வைத்திருக்கும் நானோ, நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு சென் கூடச் செலவில்லாமல் என் கட்டணத்தைக் கட்டுகிறேன். இருப்பவருக்கு இலவசம், இல்லாதவருக்கு அரை நாள் கூலி! இது ஏழ்மைக்கு விதித்த வரியல்லாமல் வேறென்ன?

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கு எட்டியது விளக்குக்கு எட்டவில்லை.

"ரொக்கமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள்"

இதைப் பேசத் தொடங்கினாலே ஆசிரியர் அறையில் எழும் மறுமொழி இதுதான். அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். தோட்டங்களில் சம்சு எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை நம் தலைமுறை கண்டிருக்கிறது. மாதச் சம்பள நாளன்று தந்தைக்கு அஞ்சி நிற்கும் பிள்ளைகளை நானும் கண்டிருக்கிறேன். உணவுக்கென ஒரு தொகையைக் காப்பாற்றி வைப்பது பல தாய்மார்களுக்குப் பாதுகாப்பு. ஆகவே சாராத் திட்டத்தை நிறுத்துங்கள் என்றோ முழுவதையும் ரொக்கமாகத் தாருங்கள் என்றோ நான் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மின் கட்டணத்தை யாராவது குடிக்க முடியுமா? குடிநீர்க் கட்டணத்தைச் சூதாட முடியுமா? கட்டணக் கணக்குக்கு நேராகச் செல்லும் பணம் எவர் கையிலும் படுவதில்லை. அரிசியையாவது விற்றுக் காசாக்கலாம்; கட்டிய கட்டணத்தை விற்க முடியாது. முறைகேட்டைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், அட்டைப் பட்டியலில் முதலில் இடம்பெற்றிருக்க வேண்டியது மின் கட்டணமே!

திட்டத்தின் பெயரிலுள்ள 'அசாஸ்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு அடிப்படை என்று பொருள். பத்து வயதுப் பிள்ளை இரவில் படிக்க வேண்டிய வெளிச்சம் அடிப்படைத் தேவை இல்லையா?

முடியாதது அன்று

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று எவரும் சொல்ல முடியாது. நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2008இல், மாதம் 20 ரிங்கிட்டுக்கு மேற்படாத வீட்டு மின் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. 2019இல், இ-காசே பதிவேட்டிலுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை மின் கட்டணக் கழிவு வழங்கப்பட்டது. எவரும் ரொக்கத்தைத் தொடவில்லை. கட்டணத் தாளிலேயே தொகை குறைந்தது. ஆனால் இ-காசேயில் இல்லாத, அதே சமயம் எஸ்.டி.ஆர். பெறும் குடும்பங்கள் ஏராளம். அந்தத் தாயாரின் குடும்பமும் அத்தகையதே.

அயல்நாட்டில் இரண்டு பாடங்கள் உள்ளன, இரண்டும் ஆஸ்திரேலியாவில். அங்கே 1998 முதல் சென்டர்பே என்னும் சேவை உண்டு. உதவித்தொகை பெறுவோர் தாமே விரும்பி, தம் தொகையில் ஒரு பகுதியை மின்சாரம், வாடகை போன்றவற்றுக்கு நேராகச் செலுத்தச் சொல்லலாம். அவர்களிடம் கட்டணம் கேட்பதில்லை. அதே நாட்டில் 2016இல் ரொக்கமில்லா அட்டை ஒன்றைச் சில வட்டாரங்களில் கட்டாயமாக்கினார்கள். உதவித்தொகையில் 80 விழுக்காடு அந்த அட்டைக்குள் சென்றது. அதிலிருந்து ரொக்கம் எடுக்க முடியாது. பெரும் எதிர்ப்புக்குப் பின் 2023இல் அது முடிவுக்கு வந்தது. விருப்பத்தின்பேரில் வழிகாட்டிய முறை நிலைத்தது. கட்டாயத்தின்பேரில் கட்டிப்போட்ட முறை வீழ்ந்தது.

தமிழ்நாட்டையும் பாருங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தத் தொடங்கினார்கள். எதற்குச் செலவிடுவது என்பதை அப்பெண்ணே முடிவு செய்கிறார். அதற்கு இட்ட பெயர் உதவித்தொகை அன்று, உரிமைத்தொகை.

நம் பள்ளியிலேயே சான்று இருக்கிறது. 2023 முதல் வருமான வேறுபாடின்றி மாணவர்களுக்கு 150 ரிங்கிட் பள்ளி தொடக்கநிலை உதவி வழங்கப்பட்டது. பெற்றோர் கையொப்பமிட்டுப் பெற்றுச் சென்றார்கள். எந்தக் கடையில், எந்தக் காலணி என்று நாம் கேட்டோமா? நூற்றைம்பதுக்கு நம்பிய தாயை நூறுக்கு ஏன் நம்பக்கூடாது?

என் கோரிக்கைகள்

1. மாதச் சாராத் தொகையில் 40 ரிங்கிட் வரையிலாவது மின், குடிநீர்க் கட்டணக் கணக்குக்கு நேராகச் செலுத்த அனுமதிக்க வேண்டும்.

2. அது பெறுநரின் விருப்பமாக இருக்க வேண்டும், கட்டாயமாகக்கூடாது.

3. திறன்பேசி இல்லாதவர்கள் பங்கேற்கும் கடையின் முகப்பிலேயே, அதே அட்டையைக் காட்டிக் கட்ட வழி வேண்டும்.

4. கட்டணத் தாள் வீட்டு உரிமையாளரின் பெயரில் இருந்தாலும், அவ்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் செலுத்த இயல வேண்டும். ஏழைகளில் பலர் வாடகைக் குடியினரே.

நாம் செய்ய வேண்டியது

அரசு செய்யும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். மின் கட்டணத் தாளை எப்படிப் படிப்பது, ஜோம்பே எண் எங்கே இருக்கிறது, எஸ்.டி.ஆர். ரொக்கம் வங்கிக்கு வந்ததும் முதலில் எந்த நிலுவையைத் தீர்ப்பது என்பதைத் தமிழில் சொல்லிக் கொடுப்போம். 'உங்கள் சாரா இருப்பைப் பணமாக மாற்றித் தருகிறோம்' என்று வரும் குறுஞ்செய்தி இணைப்புகளைத் தொடவே கூடாது என்றும் எச்சரிப்போம். மேலே உள்ள கோரிக்கைகளைச் சங்கத்தின் தீர்மானமாக்கி நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்புவோம்.

ஆசிரியத் தோழர்களே, இன்னொன்று உங்களுக்கு. வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் பிள்ளையிடம், "ஏன் செய்யவில்லை?" என்று உரக்கக் கேட்பதற்கு முன், "வீட்டில் விளக்கு எரிகிறதா?" என்று தனியாக அழைத்து மெல்லக் கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன். அந்த மாணவனிடம் பின்னர் வகுப்பின் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தேன். அவன் சிரித்துவிட்டு, எழுதி முடித்த கணக்குப் புத்தகத்தை நீட்டினான். மூன்று நாள் பாடமும் அதில் இருந்தது.

பெற்றோர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய அனுபவம் இருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். நூறு குரல் சேர்ந்தால் ஒரு தீர்மானம் வலுப்பெறும்.

சிந்திப்போம், செயற்படுவோம்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
செபராங் ஜெயா, பினாங்கு