சவ வண்டியும் பிழைப்பு வண்டியும்

ஆம்புலன்ஸ் வேண்டுமென்று டெலிபோன் செய்தால், சவ அடக்கம் செய்கிற கம்பெனியின் கார் வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? "சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் வெகு காலம் அப்படித்தான் நடந்தது. ஆளை நீட்டிப் படுக்க வைக்கும்படியான நீளக் கார் ஊரில் அவர்களிடம்தான் இருந்தது! 1966-ல் வெளியான ஓர் அறிக்கையின்படி, அந்தத் தேசத்து ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறையப் பாதி அவர்கள் கையில். ஒரே காடிலாக் காலையில் நோயாளியையும் மாலையில் சவப்பெட்டியையும் சுமக்கும். ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் முதலுதவி தெரியாது, வேகம் தெரியும்.

ஆனால் மாறுதல் அதற்கு வெகு முன்பே, வர்ஜீனியா மாகாணத்து ரோனோக் நகரில், ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்தவர் டாக்டர் அல்ல, ரயில்வே சிப்பந்தி. 1909-ல் அந்த ஊர் ஆற்றில் ஒரு சிறு படகு கவிழ்ந்தது. கரையில் கூட்டம். இரண்டு பேர் மூழ்குவதை எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் ஒன்பது வயதுப் பையன், ஜூலியன் ஸ்டான்லி வைஸ். இனி இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதில்லை என்று மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டான்.

முடிச்சு அவிழப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. 1928-ல் ரயில்வே நண்பர்கள் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு வைஸ் ஒரு முதலுதவிப் படை தொடங்கினார். சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் அந்த மாதிரித் தொண்டர் படைகளுக்கு அதுவே முன்னோடி என்கிறார்கள். பிறகு மற்ற ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

பகலெல்லாம் ரயில்வே உத்தியோகம். ராத்திரி மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். அவர் திரும்பி வரும்வரை வீட்டுக்காரியும் விழித்துத்தானே இருந்திருப்பாள்? படையில் பத்துப் பேர் என்கிறார்கள். என் கணக்கில் இன்னும் அதிகம்.