பேக்குல நில்லுடா!

எங்கள் வாணியம்பாடியில் சாயங்காலம் பையன்கள் ஃபுட்பால் டீம் பிரிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லோருக்கும் ஃபார்வர்டு வேண்டும். "நீ பேக்குல நில்லுடா" என்றால் முகம் தொங்கிவிடும். குண்டாக இருப்பவன், புதுசாக வந்தவன், ஷூ இல்லாதவன்... இவர்கள்தான் பேக். (பந்து யாருடையதோ அவன் எப்போதும் சென்டர் ஃபார்வர்டு. இது உலக வழக்கம்.)

பையன்களைக் குற்றம் சொல்ல முடியாது. பத்து சான்ஸில் ஒன்றை கோலாக்கினால் ஃபார்வர்டைத் தோளில் தூக்குவார்கள். பத்தில் ஒன்பதைத் தடுத்து ஒன்றை விட்டால், பேக்கை வீடு வரை திட்டிக்கொண்டே வருவார்கள். தோல் ஷாப்பில் தரம் பார்த்துப் பிரிக்கிறவர் கதையும் இதேதான். நூறு ஓட்டைத் தோலை ஒதுக்கினதை எந்த முதலாளி பார்த்தார்? ஒன்று தப்பி ஜெர்மனி போய்ச் சேர்ந்தால் மட்டும் இவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இப்படிப்பட்ட வேலை பார்த்த இரண்டு பேருக்கு 1995-ல் பெரிய மரியாதை கிடைத்தது.

ஒருவர் வி.பி.சத்யன். கண்ணூர்க்காரர். கேரளா போலீஸ் டீமில் ஆடி 1990, 91 இரண்டு வருஷமும் ஃபெடரேஷன் கோப்பை ஜெயித்தவர். 1992-ல் நம்ம கோயம்புத்தூரில் கேரளா சந்தோஷ் டிராபி வாங்கியபோது அவர்தான் கேப்டன். அப்புறம் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. ஃபைனலில் பங்களாதேஷை 1-0 என்று ஜெயித்து இந்தியாவுக்குத் தங்கம். கேப்டன் சத்யன். அந்த '1' ஒருத்தர் பெயரில் எழுதப்படும் சார். அந்த '0' இருக்கிறதே, அதை யார் பெயரில் எழுதுவது? அதிசயமாக அந்த வருஷம் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் சத்யனையே சிறந்த ஆட்டக்காரர் என்றது.

இன்னொருவர் ஜப்பான் கேப்டன் மசாமி இஹாரா. பட்டப்பெயர் 'ஆசியாவின் சுவர்'. அதே 1995-ல் ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அங்கே 1993-லேயே ஜே லீக் என்று முழுநேரத் தொழிலாக்கிவிட்டார்கள். 1998-ல் ஜப்பான் முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போனபோதும் இஹாராதான் கேப்டன். பிறகு பயிற்சியாளர் ஆனார்.

நமக்குத் தேசிய லீக் வந்ததே 1996-ல். அதுவரை ஆட்டக்காரனுக்குப் பாதுகாப்பு என்றால் போலீஸ், ரயில்வே, வங்கி. (வங்கி வேலையை நான் குறை சொல்வேனா? எங்கள் பி.காம். வகுப்பில் பாதிப் பேரின் கனவே அதுதான்.) ஆனால் கைதட்டல் நின்ற பிறகு வருகிற வலிக்கு சம்பளத்தில் மருந்து இல்லை. 2006 ஜூலையில், சென்னையில், சத்யன் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 41.

2018-ல் 'கேப்டன்' என்று மலையாளத்தில் படம் வந்தது. ஜெயசூர்யா நடித்தார். நம்மில் பலருக்கு சத்யன் என்றால் இப்போது ஜெயசூர்யா முகம்தான்.

இந்தக் காலத்துப் பையன் சந்தேஷ் ஜிங்கனுக்குப் பரவாயில்லை. சண்டிகர்க்காரர், பேக்தான். 2014-ல் முதல் ஐ.எஸ்.எல்.லில் 21 வயதில் வளரும் வீரர் விருது, 2020-ல் அர்ஜுனா. ஆனால் அந்த 2014 ஃபைனலில் அவருடைய கேரளா பிளாஸ்டர்ஸ் கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. தலையால் முட்டிப் போட்டவர் முகமது ரஃபீக். ரசிகர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரை டக்கென்று சொல்வார்கள். அன்றைக்கு அதுவரை எத்தனை பந்து தடுக்கப்பட்டது என்று கேளுங்கள், "ஏன் சார், அதெல்லாம் யார் எண்ணுவாங்க?" என்பார்கள்.