நீல மாத்திரையைக் குப்பையில் போடலாமா?

பெற்றோர்களே, ஒரு நிமிஷம்!

இந்தியாவில் 15–19 வயதுப் பெண்பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லும் கணக்கு இது. அதுக்காகத்தான் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை.

"வயித்தைப் புரட்டுது, மலம் கறுப்பா போகுது"ன்னு தூக்கிப் போட்டுடறாங்க. மலம் கறுப்பது இயல்புதான், பயம் வேண்டாம். சாப்பிட்ட பிறகு போட்டா குமட்டல் குறையும். உடனே டீ, காபி கூடாது.

மாத்திரையை எண்ணிக் கொடுத்தா மட்டும் அரசின் கடமை முடியாது. ஹீமோகுளோபின் அளவு பெற்றோர் கைக்கு எழுத்தில் வரணும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்க!

சோர்ந்து உட்கார்ற பிள்ளையைச் 'சோம்பேறி'ன்னு திட்டுறதுக்கு முன்னாடி, ரத்தத்தைப் பாருங்க.