துள்ளும் நாய்க்குச் சங்கிலிதான் மருந்தா?

“குட்டியில் சாதுவாக இருந்தது; எட்டு மாதம் ஆனதும் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடுகிறது. காயப்போட்ட துணியை இழுக்கிறது, செருப்பைக் கடிக்கிறது, மோட்டார் சைக்கிளைக் கண்டால் துரத்துகிறது!” நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை இது. இதற்கு நாம் கண்ட மருந்து, நாள் முழுவதும் அதை வாசல் தூணில் கட்டிப்போடுவது.

நோய் இன்னதென்று அறியாமல் கொடுக்கும் மருந்து அது. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாய்க்கு இளமைப் பருவம். உடம்பில் இருக்கும் வலுவைச் செலவழிக்க வழியில்லாவிட்டால், அது குறும்பாகவும் குரைப்பாகவும் வெளிப்படும். கட்டியே கிடக்கும் நாய் நாளடைவில் முரடாகி, கிட்டே போகும் குழந்தையைக் கடித்துவிடவும் கூடும்.

ஆகவே காலையில் 20 நிமிடம், வெயில் தாழ்ந்தபின் 20 நிமிடம் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். விடியுமுன்னே வேலைக்குப் போகிறவர்கள் மாலை நடையைச் சற்று நீட்டலாம். மோட்டார் சைக்கிளோடு ஓடவிடாதீர்கள். ஒரு வயது வரை எலும்பு முற்றியிராது. செம்பனைக் காட்டில் அவிழ்த்து விடுவதும் ஆபத்து. எலிக்கு வைத்த மருந்தையோ, அதைத் தின்று செத்த எலியையோ நாய் தின்றுவிடக்கூடும்.

நடை மட்டும் போதாது, மூளைக்கும் வேலை வேண்டும். தினமும் இருவேளை ஐந்து நிமிடம் பழக்குங்கள். அவித்த கோழி இறைச்சியை எலும்பு நீக்கிச் சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டை அதன் மூக்குக்கு மேலே பிடித்து மெல்லப் பின்னே கொண்டு போனால் தானாக உட்காரும். உட்கார்ந்த அந்தக் கணமே கொடுத்துவிட வேண்டும். அப்பா ‘உட்காரு’ என்றும், அண்ணன் ‘சிட்’ என்றும், தம்பி ‘டுடோக்’ என்றும் சொன்னால் பாவம், நாய் என்ன செய்யும்? வீடு முழுவதற்கும் ஒரே சொல் போதும்.

மோட்டார் சைக்கிளைத் துரத்தும் நாயைக் கயிற்றில் பிடித்துத் தூரத்தில் நிறுத்துங்கள். வண்டி போகும்போது பெயர் சொல்லி அழையுங்கள். உங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு கொடுங்கள். நாளுக்கு நாள் சிறிது கிட்டே போகலாம். இருட்டில் பால் வெட்டப் போகிறவர் விழாமல் வீடு திரும்ப இந்தப் பழக்கம் உதவும்.

அடித்துத் திருத்தலாம் என்று எண்ண வேண்டாம். செருப்பைக் கடித்து ஒரு மணி நேரம் கழித்து அடித்தால், எதற்கு அடி என்றே அதற்கு விளங்காது. உங்கள் கையைக் கண்டு அஞ்சத்தான் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்றும் முக்கியம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும், கடிவாயில் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒரு மாதம் விடாமல் பழக்கிப் பாருங்கள். தூணில் கட்டிய சங்கிலிக்கு வேலை குறைந்துவிடும்.