வங்கியின் காசில் காசு வகுப்பு வேண்டாம்

கொலிஜ் மாணவர்களுக்கு நாங்கள் நடத்துகிற காசு வகுப்பை அடுத்த செமஸ்டரும் தொடருவதா, தொடர்ந்தால் யாருடைய காசில் என்று வருகிற கூட்டத்தில் வாக்கெடுக்கப் போகிறோம். ஒரு வங்கி ஸ்பொன்சர் பண்ண முன்வந்திருக்கிறது. பீட்சா அவர்களுடையது, ஸ்லைட் அவர்களுடையது, எட்டு வகுப்பில் ஒன்றை அவர்களின் ஊழியரே எடுப்பாராம். "சும்மா வாற காசு, வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கிறீர்கள். வேறு சிலர், இந்த வகுப்பே நியோலிபரல் குப்பை, விட்டுத்தள்ளுங்கோ என்கிறீர்கள். இரண்டு செமஸ்டராக ஸ்காபரோவில் இதை நடத்துகிறவள் நான். இரண்டு பக்கத்தோடும் எனக்குச் சண்டை இருக்கு.

முதலில் வங்கி. 2008 நெருக்கடிக்கு அடுத்த வருசமே, 2009 இல், ஒட்டாவா நிதியறிவுக்கென்று ஒரு பணிக்குழு அமைத்தது. தலைவராகப் போட்டது யாரை? சன் லைஃப் காப்புறுதிக் கம்பனியின் தலைமை அதிகாரியை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். இப்போது ஒவ்வொரு நவம்பரும் நிதியறிவு மாதம். சுற்றிச் சுற்றி அவர்கள் சொல்லுறது ஒன்றுதான்: நீ கஷ்டப்படுறாய் என்றால் உனக்குக் கணக்குத் தெரியாது.

சரி, கணக்கைப் பார்ப்பம். வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர் படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 17.60 டொலர். பெருக்கினால் 422 டொலர் 40 சதம், வரி வெட்ட முதல். இதுக்குள்ள பேஸ்மென்ற் வாடகை, பஸ், போன், சாப்பாடு, ஊரில் வட்டிக்கு எடுத்த கடன். 2020-21 இல் ஒன்ராறியோ அரச கொலிஜ்களில் 30 வீதமானோர் வெளிநாட்டு மாணவர்கள். கட்டண வருமானத்தில் 68 வீதம் அவர்களிடமிருந்து வந்தது. இது நான் சொல்லுறதில்லை, மாகாணக் கணக்காய்வாளர் சொன்னது. அந்தப் பிள்ளையிடம் போய் "கோப்பியை வீட்டில போட்டுக் குடி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வங்கி அனுப்பின ஸ்லைடில் இரண்டாவது பக்கமே கோப்பிதான்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2019 இல் ஃபோர்ட் அரசு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான இலவசக் கல்விக் கட்டணத்தை நிறுத்தி, ஓசாப்பைத் திரும்பக் கடன் பக்கம் தள்ளியது. எந்த பட்ஜெட் ஷீட்டில் அதைத் திருத்துவது?

ஸ்லைடில் இல்லாததையும் சொல்கிறேன். 2025 ஜனவரி 1 முதல் கனடாவில் 35 வீதத்துக்கு மேல் வருட வட்டி வாங்குவது குற்றம். பே-டே லோனுக்கு விலக்கு: 100 டொலருக்கு 14 டொலர் வாங்கலாம். இரண்டு கிழமைக் கடன் என்றால் வருடக் கணக்கில் 364 வீதம். சட்டம் போட்டவர்களுக்குக் கணக்குத் தெரியாமலா இது நடந்தது?

இந்த மாதிரி வகுப்புகளால் என்ன பலன் என்று 168 கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்த 2014 ஆய்வொன்று இருக்கு. ஆட்கள் காசைக் கையாளும் விதத்திலுள்ள வேறுபாட்டில் 0.1 வீதத்தைத்தான் அவை விளக்கின. வருமானம் குறைந்தவர்களிடம் இன்னும் குறைவு. பின்னால் வந்த ஆய்வுகள் கூடுதல் பலன் காட்டின, உண்மைதான். ஆனாலும் சம்பளமும் வாடகையும் வகுப்பறையில் மாறாது.

அப்போ வகுப்பை விடுவமா? கூடாது. "கணக்கு முதலாளித்துவம்" என்று சொல்கிற தோழர்கள் உங்கட அம்மாமாரைக் கேளுங்கோ. பக்டரியில் நின்றபடியே கழிவுச் சீட்டு ஓடி, யார் எந்த மாசம் எடுத்தால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்று மனதால் சொல்லுவினம். (சீட்டுக் காசோடு ஓடினவையும் உண்டு. அதுக்கும் ஒரு வகுப்பு வைத்திருக்கிறம்.) கணக்கை எதிரிக்கு விட்டுக்கொடுக்கிறதில என்ன புரட்சி?

எங்கட வகுப்பில் முதல் நாள் பே ஸ்டப்பைக் கொண்டுவரச் சொல்கிறோம், செலவுக் கணக்கை இல்லை. போன செமஸ்டரில் ஒரே உணவகத்தில் வேலை செய்த மூன்று பேர் பக்கத்தில பக்கத்தில வைத்துப் பார்த்தார்கள்: "ட்ரெயினிங்" என்று சொன்ன நாட்களுக்கு ஒருத்தருக்கும் சம்பளமில்லை. பயிற்சிக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கல்லாவில் காசு குறைந்தால், அதை வேறு ஆட்களும் தொட்டிருந்தால், உன் சம்பளத்தில் வெட்டேலாது. வராத சம்பளத்துக்கு இரண்டு வருசத்துக்குள் தொழில் அமைச்சில் முறைப்பாடு போடலாம். ஸ்ரடி பெர்மிற்றில் இருப்பவர்களும் போடலாம். அதுக்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதம். மூன்று பேரும் சேர்ந்தே போட்டார்கள். தனியாக என்றால் ஒருத்தரும் போட்டிருக்க மாட்டினம், பயம்.

பிறகு வரிப் படிவம். வருமானமே இல்லாவிட்டாலும் 19 வயதுக்கு மேல் வரிக் கணக்குக் கொடுத்தால்தான் ஜி.எஸ்.ரி காசு வரும். வகுப்புக்கு வந்த பல பேருக்கு இதை ஒருத்தரும் சொல்லியிருக்கவில்லை.

வங்கி ஊழியர் அறைக்குள் இருந்தால் பே ஸ்டப் மேசைக்கு வருமா? பே-டே லோனையும் ஓவர்ட்ராஃப்டையும் பற்றி வாய் திறப்போமா? கிரெடிட் கார்ட் விண்ணப்பம்தான் மேசைக்கு வரும்.

எட்டு வகுப்புக்கும் சாப்பாடும் அச்சும் சேர்த்து 600 டொலர். முப்பது பேர் ஆளுக்கு 20 டொலர் போட்டால் சரி. கூட்டத்துக்கு வரும்போதே கொண்டுவாருங்கோ. பீட்சா இல்லை, கொத்து ரொட்டிதான்; கடைக்காரர் முற்பணம் கேட்கிறார்.